பருத்த கெண்டைக்கால்: காரணங்களும் மெலிதாக்கும் வழிகளும்

முழங்காலுக்குக் கீழே, காலின் பின்புறத்தில் திரண்டிருக்கும் பகுதியைக் கெண்டைக்கால் என்றும், அங்குள்ள தசையை ஆடுசதை என்றும் சொல்கிறோம். உடலின் பிற பகுதிகள் அளவாக இருக்க, இந்தப் பகுதி மட்டும் பருத்துத் தெரிகிறதே என்று வருந்துபவர்கள் பலர். இடுப்பிலும் தொடையிலும் சரியாகப் பொருந்தும் கால்சட்டை கெண்டைக்காலில் மட்டும் இறுகிப் பிடிக்கும்போதும், முழங்கால் வரை ஏறும் பூட்ஸின் ஜிப் பாதியிலேயே நின்றுவிடும்போதும் அந்த வருத்தம் கூடுகிறது. இதற்குத் தீர்வு தேடுபவருக்கு முதலில் கிடைப்பது ஒரு பயிற்சிப் பட்டியல்தான். கால் எதனால் பருத்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் அந்தப் பட்டியலைப் பின்பற்றினால், குறைக்க நினைத்த அளவு கூடிவிடவும் வாய்ப்பு உண்டு. எனவே காரணத்தைக் கண்டறிவதற்கே இக்கட்டுரை அதிக இடம் தருகிறது.

வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரே திரளாகத் தெரிந்தாலும், ஆடுசதையில் முக்கியமாக இரண்டு தசைகள் உள்ளன. தோலுக்கு அடுத்து, மேலாக இருப்பது காஸ்ட்ரோக்னீமியஸ். தொடை எலும்பின் கீழ்முனையில் உட்புறமும் வெளிப்புறமுமாக இரண்டு தலைகளோடு தொடங்கும் இந்தத் தசைதான் கெண்டைக்காலுக்கு அதன் வளைவைத் தருகிறது. உட்புறத் தலை பெரியது. வெளிப்புறத் தலையைவிடச் சற்றுக் கீழே வரை இறங்குவது. கண்ணாடி முன் நின்று பார்த்தால் காலின் உட்புற வளைவு தாழ்ந்தும் வெளிப்புற வளைவு உயர்ந்தும் தெரிவது இதனால்தான். இதற்கு அடியில், முழங்காலுக்குக் கீழே தொடங்கி அகலமாகவும் தட்டையாகவும் படர்ந்திருப்பது சோலியஸ். இரண்டும் கீழே ஒன்றுசேர்ந்து, அக்கிலிஸ் எனப்படும் தடித்த தசைநாணாக மாறி, குதிகால் எலும்பில் முடிகின்றன. குதிகாலை மேலே இழுத்து உடலை முன்னோக்கித் தள்ளுவது இவற்றின் வேலை. காஸ்ட்ரோக்னீமியஸ் முழங்கால் மூட்டையும் கடந்து செல்வதால் முழங்கால் நேராக இருக்கும்போது அது வலுவாக இழுக்கிறது. முழங்கால் மடங்கும்போது தளர்ந்து, வேலையின் பெரும்பகுதியைச் சோலியஸிடம் விட்டுவிடுகிறது. இந்த வேறுபாடு பின்னால் நீட்சிப் பயிற்சியைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

கெண்டைக்காலின் சுற்றளவு எலும்பும் தசைநாணும் அமைந்திருக்கும் விதம், தசை, கொழுப்பு, திசுக்களில் தேங்கும் நீர் ஆகியவை சேர்ந்து உருவாவது. இவற்றில் முதலாவதை எவராலும் மாற்ற முடியாது. சிலருக்கு அக்கிலிஸ் தசைநாண் நீளமாகவும் தசையின் சதைப்பகுதி குட்டையாகவும் இருக்கும். அவர்களது கால் மேலே மட்டும் திரண்டு, கணுக்காலை நோக்கி விரைவாக மெலிந்துவிடும். வேறு சிலருக்குத் தசைநாண் குட்டையாக இருக்கும். சதைப்பகுதி கணுக்காலுக்கு அருகில் வரை இறங்கி வருவதால், உடல் எடை குறைவாக இருந்தாலும் கால் ஒரே பருமனாக உருண்டு தெரியும். இது பெற்றோர் வழியாக வரும் அமைப்பு. எந்தப் பயிற்சியும் எந்த உணவும் தசை எங்கே முடிந்து நாண் எங்கே தொடங்க வேண்டும் என்பதை மாற்றுவதில்லை. பெற்றோரின் கால்களையோ உடன்பிறந்தவர்களின் கால்களையோ ஒருமுறை கவனித்துப் பார்ப்பது, மாதக்கணக்கான வீண் முயற்சியைத் தவிர்க்க உதவும்.

தசையின் நிலை வேறு. நாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் ஆடுசதை ஓயாமல் உழைக்கிறது. ஓடும்போது அக்கிலிஸ் தசைநாணின் வழியே உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை பாய்கிறது. சோலியஸில் பெரும்பகுதி மெதுவாகச் சுருங்கி நீண்ட நேரம் களைப்படையாமல் உழைக்கும் இழைகளால் ஆனது. பிறந்து நடக்கத் தொடங்கிய நாள் முதல் இந்த உழைப்புக்குப் பழகிய தசை என்பதால் அது எளிதில் பெருப்பதும் இல்லை, எளிதில் மெலிவதும் இல்லை. ஜிம்மில் எவ்வளவு முயன்றும் கெண்டைக்கால் வளரவில்லை என்று ஒருவர் குறைபடுவதும், எவ்வளவு முயன்றும் குறையவில்லை என்று இன்னொருவர் குறைபடுவதும் ஒரே காரணத்தால்தான். உடல் எடை கூடியவர்களுக்கு ஒவ்வோர் அடியும் எடைதூக்கும் பயிற்சியாகிவிடுவதால், கொழுப்போடு தசையும் சேர்ந்து அங்கே வளர்ந்திருக்கும். பின்னாளில் அவர்கள் எடை குறைக்கும்போது கொழுப்பும் கரைகிறது, கால் சுமக்கும் பாரமும் குறைகிறது. ஆகவே அவர்களுக்குக் கிடைக்கும் மாற்றம் பெரும்பாலும் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடத் தெளிவாகத் தெரியும்.

கொழுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கெண்டைக்காலில் அது தோலுக்கு அடியில் படிகிறது. எந்த இடத்தில் முதலில் படியும், எந்த இடத்திலிருந்து கடைசியில் கரையும் என்பதைப் பரம்பரையும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. ஒரு பகுதித் தசைக்கு மட்டும் பயிற்சி கொடுத்து அதன் மேலுள்ள கொழுப்பை மட்டும் கரைக்கலாம் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை.

பலரும் கவனிக்கத் தவறுவது நீர்த் தேக்கத்தை. பாதத்திலிருந்து இதயத்துக்குத் திரும்ப வேண்டிய இரத்தம் புவியீர்ப்புக்கு எதிராக மேலேற வேண்டியிருக்கிறது. ஆடுசதை சுருங்கும் ஒவ்வொரு முறையும் அதனுள் செல்லும் சிரைகள் அழுத்தப்பட்டு இரத்தம் மேலே தள்ளப்படுகிறது. சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் அது கீழே திரும்பாமல் தடுக்கின்றன. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று சொல்வது இதனால்தான். மணிக்கணக்கில் அசையாமல் நிற்பவருக்கும், காலைத் தொங்கவிட்டபடி அமர்ந்திருப்பவருக்கும் இந்தப் பம்பு வேலை செய்வதில்லை. மாலையில் கால் கனத்து, காலுறையின் விளிம்பு தோலில் பதிந்திருக்கும். இவர்கள் தேவையற்ற சதை என்று நினைப்பதில் ஒரு பகுதி வெறும் நீர்தான். அவ்வப்போது எழுந்து நடப்பதும், அமர்ந்தபடியே குதிகாலையும் விரல்களையும் மாறி மாறி உயர்த்துவதும், இரவில் காலைச் சற்று உயரத்தில் வைத்துப் படுப்பதும் இவர்களுக்கு எந்த மெலிதாக்கும் பயிற்சியையும்விட விரைவான பலனைத் தரும்.

உங்கள் காலில் எது மிகுதி என்பதை வீட்டிலேயே ஓரளவு கண்டறியலாம். சுவரைப் பிடித்துக்கொண்டு முன்பாதத்தில் எழுந்து நின்று, கெண்டைக்காலின் மிகப் பருத்த இடத்தில் தோலை இரு விரல்களால் கிள்ளித் தூக்கிப் பாருங்கள். அடியில் தசை கல்லைப் போல் இறுகியிருக்க, விரல்களுக்கிடையில் மெல்லிய மடிப்பு மட்டுமே கிடைத்தால் பருமன் பெரும்பாலும் தசையால் ஆனது. தடித்த, மென்மையான மடிப்பு கிடைத்தால் கொழுப்பின் பங்கு அதிகம். அடுத்து, கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மீது கட்டைவிரலால் சில வினாடிகள் அழுத்திவிட்டு எடுங்கள். குழி விழுந்து மெதுவாக மறைந்தால் அங்கே நீர் கோத்திருக்கிறது. காலையிலும் மாலையிலும் சுற்றளவை அளந்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும்.

இந்த இடத்தில் சில எச்சரிக்கைகளை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் சில மணி நேரத்திலோ சில நாள்களிலோ வீங்கி, வலித்து, தொட்டால் சூடாகவோ சிவந்தோ இருந்தால், அது ஆழ்சிரையில் இரத்தம் உறைந்ததன் அறிகுறியாக இருக்கலாம். நீண்ட பயணம், அறுவை சிகிச்சை, படுக்கையில் கிடந்த நாள்கள், கர்ப்பம், ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள் ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைந்தால் உயிருக்கே ஆபத்து என்பதால், அந்தக் காலைத் தேய்த்துவிடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இரண்டு கால்களிலும் நீடிக்கும் வீக்கத்துக்கு இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றின் கோளாறு காரணமாகலாம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் அம்லோடிபின் போன்ற மருந்துகளும் காரணமாகலாம். மருந்தைத் தாமாக நிறுத்தாமல், எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்பதே முறை.

பெண்களுக்கு வரும் லிப்பெடிமா என்ற நிலையையும் இங்கே குறிப்பிட வேண்டும். இதில் இரண்டு கால்களிலும் ஒரே சீராகக் கொழுப்புத் திசு பெருகுகிறது. பாதம் மட்டும் இயல்பாக இருக்க, கணுக்காலுக்கு மேலே வளையம் போட்டதுபோல் பருமன் தொடங்கும். தொட்டால் வலிக்கும், சிறு இடிக்கும் கன்றிப்போகும். பூப்பு, கர்ப்பம், மாதவிடாய் நிற்கும் காலம் போன்ற ஹார்மோன் மாற்றங்களின்போது இது பெரும்பாலும் தொடங்குகிறது. பட்டினி கிடந்தும் கால் மட்டும் குறையவில்லை என்று தம்மையே நொந்துகொள்ளும் பெண்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது இந்த நோய்தான். அவர்களிடம் மன உறுதி இல்லை என்று பழிப்பது பெரும் அநீதி. குழந்தைகளைப் பொறுத்தவரை, ஓர் ஆண் குழந்தையின் கெண்டைக்கால் வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருந்து, அவன் தரையிலிருந்து எழவும் படியேறவும் சிரமப்பட்டால், தசை வலுவிழக்கும் டூஷென் நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

நோய் எதுவும் இல்லை, பருமன் தசையால்தான் என்று தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தசை தன்மீது விழும் பாரத்துக்கு ஏற்பவே வளர்கிறது; பாரம் குறைந்தால் சுருங்குகிறது. எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்ட கால், சில வாரங்கள் கழித்துக் கட்டைப் பிரிக்கும்போது மற்றக் காலைவிட மெலிந்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கியவர்களின் ஆடுசதை, அங்கே அவர்கள் தவறாமல் பயிற்சி செய்தும் குறைந்திருந்தது. ஆனால் மெலிய வேண்டும் என்பதற்காகக் காலை முடக்கிப் போடுவது அறிவுடைமை ஆகாது. வலுவும் சமநிலையும் அதோடு சேர்ந்தே போய்விடும். செய்யக்கூடியது, தசையை மிகையாக வளர்க்கும் பாரங்களை மட்டும் கண்டுபிடித்துக் குறைப்பதே.

எடையைத் தாங்கியபடி குதிகாலை உயர்த்துவது, கயிறு தாண்டுவது, குறுந்தூர வேக ஓட்டம், குதிப்பது, டிரெட்மில்லின் சாய்வை உயர்த்தி வைத்து நடப்பது ஆகிய அனைத்தும் ஆடுசதைக்குக் கடும் வேலை. கெண்டைக்காலை மெலிதாக்கும் பயிற்சி என்ற பெயரில் முதல் இரண்டையும் பரிந்துரைப்பவர்கள் உண்டு என்பது எனக்கு வியப்பையும் வருத்தத்தையும் தருகிறது. இவற்றைக் குறைத்துவிட்டு, சமதளத்தில் நடப்பது, நீந்துவது, இருக்கையின் உயரத்தைச் சரியாக வைத்துப் பாதத்தின் முன்பகுதியை அதிகம் கீழ்நோக்கி அழுத்தாமல் சைக்கிள் மிதிப்பது போன்றவற்றுக்கு மாறலாம். படியேறும்போது விரல்நுனியில் எம்பி எம்பி ஏறாமல், முழுப் பாதத்தையும் படியில் ஊன்றிக் குதிகாலால் அழுத்தி எழுந்தால், தொடையும் பிட்டத் தசையும் வேலையை ஏற்றுக்கொள்ளும். ஓடுபவர்களில், முன்பாதத்தில் தரையிறங்குபவர்களுக்கு ஆடுசதையிலும் அக்கிலிஸ் நாணிலும் பாரம் கூடுதலாக விழுகிறது. குதிகாலில் இறங்குபவர்களுக்கு அது முழங்காலில் விழுகிறது. ஓடும் முறையைத் திடீரென மாற்றினால் பாரம் ஒரு மூட்டிலிருந்து இன்னொன்றுக்கு இடம் மாறுமே தவிர மறையாது. எனவே முறையை மாற்றுவதைவிட வேகத்தையும் மேட்டு ஓட்டத்தையும் குறைப்பதே பாதுகாப்பானது.

ஹை ஹீல்ஸ் அணிவதைப் பற்றி ஒரு வார்த்தை. குதிகால் உயர்ந்தே இருக்கும்போது ஆடுசதை சுருங்கிய நிலையிலேயே நாள் முழுவதும் இருக்கிறது. பல ஆண்டுகள் இப்படி அணிந்த பெண்களை ஆராய்ந்தபோது, காஸ்ட்ரோக்னீமியஸின் இழைகள் குட்டையாகியிருந்ததும், அக்கிலிஸ் நாண் தடித்து விறைத்திருந்ததும் கண்டறியப்பட்டது. குட்டையான தசை திரண்டு, உருண்டு தெரியலாம். கணுக்காலின் அசைவும் குறையும். ஆனால் இத்தனை நாள் பழகிய உயரத்திலிருந்து ஒரே நாளில் தட்டைக் காலணிக்கு இறங்கினால் கெண்டைக்காலிலும் குதிகாலிலும் வலி எடுக்கும். உயரத்தை வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைப்பதே நல்லது.

நீட்சிப் பயிற்சி தசையை நீளமாகவும் ஒல்லியாகவும் ஆக்கும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வழக்கமான அளவில் செய்யப்படும் நீட்சி சுற்றளவைக் குறைப்பதில்லை; கணுக்கால் வளையும் அளவைக் கூட்டி, இறுக்க உணர்வைத் தளர்த்துகிறது. ஒரு ஜெர்மானிய ஆய்வில், கருவி ஒன்றின் உதவியோடு நாள்தோறும் ஒரு மணி நேரம் வீதம் ஆறு வாரங்கள் ஆடுசதையை இழுத்துப் பிடித்தபோது, தசையின் தடிமன் குறையாமல் கூடியே இருந்தது. இழுவிசையும் தசைக்கு ஒரு பாரமே என்பதால் இதில் முரண் இல்லை. இதற்காக நீட்சியைக் கைவிட வேண்டியதில்லை. கணுக்கால் நன்றாக வளையும்போது நடையில் குதிகால் முந்திக்கொண்டு எழுவதில்லை. சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, அதன் முழங்காலை நேராகவும் குதிகாலைத் தரையிலும் வைத்தபடி முன்னே சாய்ந்தால் காஸ்ட்ரோக்னீமியஸ் நீள்கிறது. அதே நிலையில் பின்காலின் முழங்காலைச் சற்று மடித்தால் இழுப்பு கீழே இறங்கிச் சோலியஸில் உணரப்படும். ஒவ்வொன்றையும் 30 வினாடிகள் வீதம் இரண்டு மூன்று முறை, குதிக்காமல், விரல்கள் நேர் முன்னே பார்த்திருக்கச் செய்தால் போதும்.

கொழுப்பு மிகுந்த காலுக்கு வழி முழு உடலின் வழியேதான் செல்கிறது. செலவழிக்கும் ஆற்றலைவிடச் சற்றுக் குறைவாக உண்பதும், புரதத்தைக் குறைக்காமல் இருப்பதும், போதுமான தூக்கமும், தொடர்ந்த உடலுழைப்பும் சேர்ந்தே பலன் தரும். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பிலும், வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியிலும் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. கடும் பட்டினியால் தசையும் சேர்ந்து கரையும். எடை திரும்பும்போது முதலில் வந்து சேர்வது கொழுப்பாகவே இருக்கும்.

கால் "டோன்" ஆக வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். மருத்துவத்தில் அந்தச் சொல், ஓய்வு நிலையிலும் தசையில் இருக்கும் மெல்லிய இறுக்கத்தைக் குறிக்கிறது. அன்றாடப் பேச்சில் அது கொழுப்பு குறைந்து, தசையின் வடிவம் தெளிவாகத் தெரிவதைத்தான் குறிக்கிறது. அந்த வடிவத்துக்கு ஓரளவு தசை தேவை என்பதால், தசையைப் பகையாக நினைத்துக்கொண்டே டோனை அடைய இயலாது. ஸ்குவாட், இடுப்பை உயர்த்தும் பாலம் போன்ற பயிற்சிகளால் தொடையையும் பிட்டத்தையும் வலுப்படுத்துவது இங்கே இருவகையில் உதவுகிறது. நடையில் உடலை முன்னே தள்ளும் வேலையைப் பெரிய தசைகள் பகிர்ந்துகொள்கின்றன. மேற்கால் சற்று நிரம்புவதால் கெண்டைக்கால் தனித்துத் துருத்தித் தெரிவதும் குறைகிறது.

மசாஜும், தசைக்கு அடியில் வைத்து உருட்டும் நுரை உருளையான ஃபோம் ரோலரும் வலியையும் இறுக்கத்தையும் தணிக்கும். தேங்கிய நீரைச் சில மணி நேரம் நகர்த்தும். தசையையோ கொழுப்பையோ அவை கரைப்பதில்லை. மெலிதாக்கும் கிரீம்களுக்கும் பிளாஸ்டிக் உறைகளுக்கும் பணம் செலவிட வேண்டாம்.

போட்டாக்ஸ் ஊசியைப் பற்றியும் பலர் விசாரிக்கிறார்கள். நரம்பிலிருந்து தசைக்குச் சுருங்கும்படி ஆணை கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலின் வெளிவருவதை இந்த மருந்து தடுக்கிறது. ஊசி போடப்பட்ட தசை வேலையின்றிச் சில வாரங்களில் மெலியத் தொடங்குகிறது. விளைவு நிரந்தரமானது அன்று. சில மாதங்களில் நரம்பு மீண்டும் செயல்படத் தொடங்கியதும் தசையும் திரும்புகிறது. அதுவரை ஓடும்போதும் படியேறும்போதும் களைப்பும் வலுக்குறைவும் ஏற்படலாம். மேலுள்ள தசை ஓய்ந்திருக்க, அடியிலுள்ளது ஈடுகட்டி வளரவும் கூடும். காஸ்ட்ரோக்னீமியஸுக்குச் செல்லும் நரம்புக் கிளையைத் துண்டிக்கும் அறுவையும், தசையின் ஒரு பகுதியை நீக்கும் அறுவையும் உண்டு. இவற்றில் செய்ததைத் திரும்பப் பெற முடியாது. நடை பாதிக்கப்படலாம், காலின் வடிவம் மேடுபள்ளமாகலாம். நன்றாக நடக்கும் ஒரு காலைத் தோற்றத்துக்காக இந்த அளவுக்குப் பணயம் வைப்பதை என்னால் பரிந்துரைக்க இயலாது. கொழுப்பே காரணமானால், அதை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷன் செய்கிறார்கள். ஆனால் காலின் கீழ்ப்பகுதியில் வீக்கம் வடியப் பல மாதங்கள் ஆகலாம் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் அளவை ஒரே முறையில் எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும், நாற்காலியில் அமர்ந்து, முழங்காலைச் செங்கோணத்தில் மடித்து, பாதம் முழுவதும் தரையில் படும்படி வைத்து, மிகப் பருத்த இடத்தில் நாடாவை இறுக்காமல் சுற்றி அளக்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். நீர்த் தேக்கம் சில நாள்களிலேயே குறையும். கொழுப்பும் தசையும் குறைய மாதங்கள் ஆகும்.

நடுத்தர வயதைக் கடந்தவர்கள் அந்த எண்ணை இன்னொரு கோணத்திலும் பார்க்க வேண்டும். முதுமையில் உடல் முழுவதும் தசை கரைந்துகொண்டிருக்கிறதா என்பதை மருத்துவர்கள் முதற்கட்டமாக மதிப்பிடும் வழிகளில் ஒன்று கெண்டைக்காலின் சுற்றளவை அளப்பது. ஆசிய மக்களுக்காக மருத்துவ வல்லுநர் குழு 2019இல் வகுத்த வரையறைப்படி, சுற்றளவு ஆண்களுக்கு 34 செ.மீ.க்கும் பெண்களுக்கு 33 செ.மீ.க்கும் கீழே இருந்தால் மேலும் பரிசோதிக்க வேண்டும். வயது 60ஐத் தாண்டியவரின் நாடா இந்த எண்ணை நெருங்கினால், அவர் மெலிதாக்கும் முயற்சியை அங்கேயே நிறுத்திவிட்டு, சுவரைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியைத் தொடங்க வேண்டும்.